செய்தியை வைத்து அரசமைப்புச் சட்டம் நடத்த நான்கு வழிகள்: யாருக்கு எது ஒத்துவரும்?

அரசமைப்புச் சட்டம் நடத்துகிற ஆசிரியருக்குச் செய்திப் பஞ்சம் என்பதே கிடையாது. ஆளுநர், இடஒதுக்கீடு, தேர்தல் பத்திரம், தொகுதி மறுவரையறை என்று ஏதாவது ஒன்று வந்து நின்றுகொண்டே இருக்கிறது. பாடத்திட்டமோ தன் யூனிட் வரிசையில் நகர்கிறது. இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? சட்டக் கல்லூரி வகுப்புகளில் நான்கு வழிகள் புழக்கத்தில் உள்ளன:

1. பாடத்திட்ட வரிசையிலேயே போய், அங்கங்கே செய்தியை உதாரணமாகச் சொல்வது.
2. வாரம் ஒரு பீரியடைச் செய்திக்கு ஒதுக்குவது.
3. ஒரு பெரிய வழக்கைக் கோப்பாகக் கட்டிக்கொண்டு, செமஸ்டர் முழுக்க அதைச் சுற்றியே நடத்துவது.
4. இன்னும் தீராத ஒரு சர்ச்சையை எடுத்து மூட் கோர்ட் (மாணவர்களே வாதாடும் மாதிரி நீதிமன்றம்) நடத்துவது.

கணக்குக்காக 60 மாணவர்கள், செமஸ்டருக்கு 60 பீரியட், பீரியடுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் எண்ணிக்கை வேறாக இருந்தால் அதற்கேற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

## எதை வைத்து எடைபோடுவது

பாடம் முடியுமா? செய்தி இழுத்த இழுப்புக்குப் போனால், மார்ச் மாதத்தில் இரண்டு யூனிட் கைபடாமல் கிடக்கும்.

மாணவர் மூலத்தைப் படிக்கிறாரா? செய்தியைப் படித்துவிட்டுத் தீர்ப்பைப் படித்ததாக நினைத்துக்கொள்வது இந்த முறையின் பெரிய நோய். நான்கு வழிகளிலும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

எவ்வளவு நாள் தாங்கும்? இன்று தயாரித்த குறிப்பு அடுத்த ஆண்டு பயன்படுமா, அல்லது தவறாகவே மாறிவிடுமா?

ஆசிரியரின் தயாரிப்பு நேரம். பெரிய தீர்ப்புகள் பல நூறு பக்கம் போகின்றன. தமிழ்நாட்டு ஆளுநர் மசோதாக்களை நிறுத்திவைத்த வழக்கின் 2025 ஏப்ரல் தீர்ப்பே 400 பக்கங்களைத் தாண்டும்.

அரசியல் சூடு. வகுப்பு கட்சி மேடையாகிவிடுமா என்பது ஒன்று. ஆசிரியர் பேசியதில் முப்பது நொடியை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் விட்டால் என்ன ஆகும் என்பது இன்னொன்று. அரசுக் கல்லூரி ஆசிரியருக்கு நடத்தை விதிகளும் உண்டு.

தேர்வில் எழுத வருமா என்பதைத் தனி அளவுகோலாக வைக்கவில்லை. முதல் இரண்டும் சரியாக இருந்தால் அது தானாக வந்துவிடும்.

## வழி 1: பாடம் முன்னே, செய்தி பின்னே

ஒவ்வொரு பீரியடிலும் பத்து நிமிடம் செய்திக்கு. 19-ஆம் பிரிவு (பேச்சுரிமை முதலியவை) நடக்கும்போது தேர்தல் பத்திரத் தீர்ப்பு, 161 (ஆளுநரின் தண்டனைக் குறைப்பு அதிகாரம்) நடக்கும்போது பேரறிவாளன் வழக்கு, 21 (உயிர், தனிமனிதச் சுதந்திரம்) நடக்கும்போது 2017-இல் ஒன்பது நீதிபதிகள் தந்த அந்தரங்க உரிமைத் தீர்ப்பு. பாடம் கண்டிப்பாக முடியும். தயாரிப்புக்கு வகுப்புக்கு அரை மணி நேரம் போதும். உதாரணம் பழசானால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

மறைவான செலவு என்னவென்றால், செய்தி வெறும் தாளிப்பாக நின்றுவிடும். தேர்தல் பத்திர வழக்கில் எந்தக் கட்சிக்கு எவ்வளவு போனது என்பது மாணவருக்கு நினைவிருக்கும். 2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அந்தத் திட்டத்தை ரத்து செய்ததற்கான காரணத்தைக் கேட்டால் "வெளிப்படைத்தன்மை இல்லை" என்பதோடு பதில் நின்றுவிடும். 19(1)(அ)-வில் வாக்காளரின் தகவல் உரிமை அடங்கும் என்பது அந்தத் தீர்ப்பின் ஒரு கால். கறுப்புப் பணத்தைக் கட்டுப்படுத்துவது என்ற நோக்கம், பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த அனுமதிக்கும் காரணங்களைச் சொல்லும் 19(2) பட்டியலிலேயே இல்லை என்பது மறுகால்.

இதைத் தடுக்க எளிய வழி ஒன்று உண்டு. செய்தியைச் சொல்வதற்கு முன்பே 19(2)-ஐ வகுப்பில் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அதிலுள்ள ஒவ்வொரு காரணத்தையும் கரும்பலகையில் எழுதுங்கள். பிறகு, "அரசு சொன்ன காரணம் இதில் எங்கே பொருந்துகிறது?" என்று கேளுங்கள். பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

முதல்முறையாக இந்தப் பாடத்தை எடுக்கிறவர்களுக்கும், உள் மதிப்பெண்ணில் கைவைக்க முடியாத கல்லூரிகளுக்கும் இதுவே பாதுகாப்பான வழி.

## வழி 2: வாரம் ஒரு செய்தி

வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் செய்திக்கு. மாணவர்களே வெட்டிக்கொண்டு வருவார்கள். வகுப்பு கலகலப்பாக இருக்கும், வருகைப் பதிவும் கூடும்.

ஆனால் செய்தித்தாளுக்கென்று ஒரு சாய்வு உண்டு. பேச்சுரிமை, கைது, ஆளுநர், இடஒதுக்கீடு ஆகியவை வாராவாரம் வரும். 301 முதல் 307 வரையிலான வணிகச் சுதந்திரம் யாருடைய வெட்டுத்தாளிலும் வராது. வரி விதிப்பு பற்றிய 265-ஆம் பிரிவும் வராது. அரசு ஊழியருக்கான 311 எப்போதாவது எட்டிப் பார்க்கும். மாணவர் விருப்பத்துக்கு விட்டால் ஒரே நான்கு தலைப்புகளையே செமஸ்டர் முழுக்கச் சுற்றிச் சுற்றி வருவீர்கள். வகுப்புச் சுவரில் யூனிட் வாரியாக ஒரு கட்டம் வரைந்து ஒட்டி, ஒவ்வொரு செய்தியையும் அதில் குறித்துவந்தால் எது காலி என்பது ஆறாவது வாரமே தெரிந்துவிடும். காலியான கட்டத்துக்கு அடுத்த வாரம் ஆசிரியரே செய்தி தேடிக்கொண்டு வர வேண்டும்.

இரண்டாவது சிக்கல் இதைவிடப் பெரிது. வழக்கின் நிலைகளைச் செய்தி ஒன்றாகக் குழப்பிவிடுகிறது. "உச்ச நீதிமன்றம் கடும் கண்டனம்" என்பது விசாரணையின்போது நீதிபதி வாயால் சொன்னது. அது உத்தரவே ஆகாது. "தடை" என்றால் இடைக்காலத் தடையா, இறுதித் தீர்ப்பா? தலைப்பில் வந்த வாசகம் பெரும்பான்மைத் தீர்ப்பில் உள்ளதா, மாறுபட்ட தீர்ப்பில் உள்ளதா?

பட்டியல் சாதி உள்ஒதுக்கீட்டுத் தீர்ப்பை இதற்குக் காட்டலாம். 2024 ஆகஸ்ட் 1 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு 6:1 என்ற கணக்கில், பட்டியல் சாதிகளுக்குள் உள்வகைப்பாடு செய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்றது. அப்படிச் செய்ய முடியாது என்ற 2004-இன் சின்னையா தீர்ப்பு அத்தோடு போயிற்று. தமிழ்நாட்டில் 2009 முதல் 18 சதவீதத்துக்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம் தருகிற சட்டமும் அந்தத் தொகுப்பில் விசாரிக்கப்பட்டது. மறுநாள் மாணவர் கொண்டுவந்த வெட்டுத்தாள்களில் பாதி 'கிரீமி லேயர்' (வசதி படைத்தவர்களை இடஒதுக்கீட்டிலிருந்து விலக்குவது) பற்றியதாக இருந்திருக்கும். பட்டியல் சாதியினருக்கும் கிரீமி லேயர் வேண்டும் என்று நான்கு நீதிபதிகள் எழுதியது உண்மைதான். ஆனால் அமர்வின் முன் இருந்த கேள்வி அது இல்லை. ரேஷியோ (தீர்ப்பின் கட்டுப்படுத்தும் காரணம்) எது, ஒபிட்டர் (போகிற போக்கில் சொன்ன கருத்து) எது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் சமீபத்தில் கிடைக்கவில்லை. ஆனால் மாணவர் தீர்ப்பின் பக்கங்களைப் புரட்டினால்தான் அது தெரியும். வெட்டுத்தாளோடு நின்றால் தப்பாகத்தான் படித்துக்கொள்வார்கள்.

ஆகவே வெட்டுத்தாளின் பின்பக்கம் நான்கு வரி எழுதச் சொல்லுங்கள்: எந்த நீதிமன்றம், எத்தனை பேர் அமர்வு, வழக்கு எந்த நிலையில், எந்தப் பிரிவு. நான்கும் இல்லாத தாளை விவாதத்துக்கு எடுக்கக் கூடாது. முதல் இரண்டு வாரம் முணுமுணுப்பார்கள்.

அரசியல் அறிவியல் இளங்கலை, பள்ளி மேல்நிலை வகுப்புகளுக்கு இந்த வழி போதும். சட்ட மாணவருக்கு, தொடக்க ஆண்டுகளைத் தாண்டிவிட்டால், இது மட்டும் போதாது.

## வழி 3: ஒரே வழக்கு, முழு செமஸ்டர்

நான்கில் அதிகம் சொல்லித் தருவது இதுதான். கையைச் சுடுவதும் இதுதான். தமிழ்நாட்டு வகுப்புக்கு ஆளுநர் - மசோதா வழக்கு இயல்பான தேர்வு. காலக்கோடு இது:

- 2023 நவம்பர் 13: பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் தராமல் ஆளுநர் நிறுத்திவைத்தார்.
- நவம்பர் 18: சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் கூடி அவற்றை மீண்டும் நிறைவேற்றியது.
- நவம்பர் 28: ஆளுநர் அவற்றைக் குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்கினார்.
- 2025 ஏப்ரல் 8: நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு அந்த ஒதுக்கீடு செல்லாது என்றது, முழு நீதி கிடைக்கத் தேவையான உத்தரவிட உச்ச நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரும் 142-ஐப் பயன்படுத்தி மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்றது, ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் காலக்கெடு வகுத்தது.
- மே 13: நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்க வழிதரும் 143-இன் கீழ் குடியரசுத் தலைவர் 14 கேள்விகளை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார்.
- நவம்பர் 20: ஐந்து நீதிபதிகள் அமர்வு தன் கருத்தைச் சொன்னது. காலக்கெடு விதிக்க முடியாது. 'ஒப்புதல் பெற்றதாகக் கருதுவது' என்பதும் முடியாது. அதேசமயம், திருப்பி அனுப்பாமல் மசோதாவை வெறுமனே முடக்கிவைக்க ஆளுநருக்கு அதிகாரம் இல்லை. காரணமே சொல்லாமல் நீண்ட காலம் இழுத்தடித்தால், முடிவெடுக்கச் சொல்லும் அளவுக்கு மட்டும் நீதிமன்றம் தலையிடலாம்.

இந்த ஆறு தேதிகளில் எத்தனை பாடம் அடங்குகிறது பாருங்கள். அமைச்சரவையின் அறிவுரைக்கு ஆளுநர் எப்போது கட்டுப்பட்டவர் (163, அதோடு 1974-இன் ஷம்ஷேர் சிங் தீர்ப்பு). மசோதா சட்டமாகும் வழி (200, 201). ஆளுநர் நீதிமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவரா (361). மாநில அரசு 32-ஐ (அடிப்படை உரிமைக்காக உச்ச நீதிமன்றத்தை அணுகும் பிரிவு) பிடித்து வரலாமா, 131-க்கு (மத்திய, மாநில அரசுகளுக்கு இடையிலான வழக்கு) போக வேண்டுமா. இரண்டு நீதிபதிகள் இவ்வளவு பெரிய அரசமைப்புக் கேள்வியைத் தீர்க்கலாமா, 145(3)-இன்படி ஐந்து பேர் வேண்டாமா. 141-இன்படி அனைவரையும் கட்டுப்படுத்தும் தீர்ப்புக்கும் 143-இன் கருத்துக்கும் என்ன உறவு. இந்தக் கடைசிக் கேள்விக்குக் காவிரியைத் தொட்டுக்கொள்ளலாம்: 1991-இல் கர்நாடகாவின் அவசரச் சட்டம் பற்றிய கருத்திலேயே, 143 வழியாகத் தன் தீர்ப்பின் மீது தானே மேல்முறையீடு கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஒரு பீரியட் எப்படிப் போகும்? முதல் 15 நிமிடம் 200-ஆம் பிரிவின் வாசகம் மட்டும் அச்சிட்ட ஒரு தாள். ஆளுநர் பெயரோ கட்சிப் பெயரோ வாயில் வரக் கூடாது. ஆளுநர் செய்யக்கூடியவற்றை அடிக்கோடிடச் சொல்லுங்கள்: ஒப்புதல் தருவது, நிறுத்திவைப்பது, குடியரசுத் தலைவருக்கு ஒதுக்குவது. அடுத்து, "கூடிய விரைவில்" என்ற சொற்கள் எங்கே இருக்கின்றன என்று தேடச் சொல்லுங்கள். அவை தலைமை வாசகத்தில் இல்லை. மசோதாவைத் திருப்பி அனுப்புவது பற்றிய முதல் வரம்புரையில் (proviso) இருக்கின்றன. வகுப்பில் பலரும் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

அடுத்த 10 நிமிடம் ஒரே கேள்வி: திருப்பி அனுப்புவது நான்காவது வழியா, இல்லை, நிறுத்திவைப்பதோடு கட்டாயமாக ஒட்டிவரும் நடைமுறையா? கை தூக்கச் சொல்லி எண்ணிக்கையைக் கரும்பலகையில் எழுதிவிடுங்கள். பிறகு 20 நிமிடத்தில் மூன்று பதில்கள்: பஞ்சாப் ஆளுநர் மசோதாக்களை நிறுத்திவைத்தது பற்றிய 2023 நவம்பர் 10-இன் தீர்ப்பு (மூன்று நீதிபதிகள்), 2025 ஏப்ரல் (இரண்டு பேர்), 2025 நவம்பர் (ஐந்து பேர்). நிறுத்திவைத்தால் திருப்பி அனுப்பியாக வேண்டும் என்பதில் மூன்றும் ஒரே பக்கம். காலக்கெடுவில்தான் பிளவு. மீதி நேரத்தில் பத்து வரி விடை எழுதி வாங்கிவிடுங்கள். வீட்டுக்குக் கொடுத்தால் திரும்பி வருவது இணையத்திலிருந்து நகலெடுத்ததாகத்தான் இருக்கும்.

எங்கே சறுக்கும்? முதலாவது, குறிப்பு காலாவதியாவது. 2025 ஜூனில் "ஆளுநர் மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும்" என்று எழுதிக்கொடுத்த கையேடு டிசம்பரில் தவறான கையேடு. பழைய பிரதி ஜெராக்ஸ் கடையில் இன்னும் விற்றுக்கொண்டிருக்கும்.

இரண்டாவது, வழக்கு தொடாத பகுதிகள். ஆளுநர் கோப்பை எவ்வளவு நீட்டினாலும் 14, 19, 21 வராது. நெருக்கடி நிலையும் வராது. கூட்டாட்சி யூனிட்டுகளுக்கு இந்தக் கோப்பு என்றால், அடிப்படை உரிமை யூனிட்டுகளுக்கு இரண்டாவது கோப்பு தேவை. அதற்குத் தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீட்டை எடுக்கலாம். 15, 16 அதில் இருக்கின்றன, 76-வது திருத்தத்தின் வழியாக 1994-இல் ஒன்பதாவது அட்டவணைக்கு (நீதிமன்ற ஆய்விலிருந்து சட்டங்களைக் காக்க வைத்த பட்டியல்) போன கதை இருக்கிறது, அந்த அட்டவணையில் போட்டாலும் 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு சேர்த்தவை ஆய்வுக்கு உட்பட்டவைதான் என்ற 2007-இன் கோயல்ஹோ தீர்ப்பு இருக்கிறது (அந்த வழக்கே கூடலூர் ஜென்ம நிலங்களிலிருந்து கிளம்பியது), வன்னியருக்கான 10.5 சதவீதம் ரத்தானதை 2022 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்ததும் சேரும். ஒரு வகுப்புக்கு இரண்டு கோப்புக்கு மேல் வேண்டாம்.

மூன்றாவது, முதல் ஆண்டுத் தயாரிப்பு. தீர்ப்புகளைத் தலையிலிருந்து கால்வரை படித்து, வகுப்புக்கு வேண்டிய பத்திகளை மட்டும் வெட்டி 25 பக்கத்துக்குள் கொண்டுவர இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். விடுமுறையில் செய்யாவிட்டால் நடக்காது. உச்ச நீதிமன்றத்தின் டிஜிட்டல் எஸ்.சி.ஆர். (அதிகாரபூர்வத் தீர்ப்புத் தொகுப்பு) தளத்தில் தீர்ப்புகள் இலவசம். சில தீர்ப்புகளின் தமிழாக்கமும் கிடைக்கிறது. தமிழ் வழியில் வந்த மாணவருக்கு அது பெரிய துணை. ஆனால் மேற்கோள் காட்ட ஆங்கில மூலத்தின் பத்தி எண்ணையே பயன்படுத்தப் பழக்குங்கள். தமிழாக்கம் புரிதலுக்கு மட்டுமே.

அரசியல் சூட்டை இந்த வழி ஓரளவு ஆற்றிவிடுகிறது. அதே பிரிவைப் பஞ்சாப் வழக்கிலும் வைத்துக் காட்டும்போது, "நம்ம ஊர் ஆளுநர்" என்கிற பேச்சு தானாகக் குறையும். ஆட்சியில் இருக்கும் கட்சி மாநிலத்துக்கு மாநிலம் வேறு, பிரிவு ஒன்றுதானே.

## வழி 4: நடந்துகொண்டிருப்பதை மூட் கோர்ட் ஆக்குவது

தீர்ப்பு வராத விஷயத்தில் இணையத்தில் விடை கிடைக்காது. இந்த வழியின் பலமே அதுதான். 2025 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகமான 130-வது திருத்த மசோதா நல்ல பொருள்: ஐந்தாண்டோ அதற்கு மேலோ தண்டனை தரத்தக்க குற்றத்தில் கைதாகித் தொடர்ந்து 30 நாள் காவலில் இருக்கும் பிரதமர், முதல்வர், அமைச்சர் பதவியிழக்க வேண்டும் என்கிறது. குற்றம் நிரூபணமாகும் முன்பே பதவி போகலாமா, இது அடிப்படைக் கட்டமைப்பைத் தொடுகிறதா, மாநிலங்களின் ஒப்புதல் தேவையா? கடைசிக் கேள்விக்கு மாணவர், எந்தத் திருத்தங்களுக்கு மாநில ஒப்புதல் வேண்டும் என்று சொல்லும் 368(2)-இன் பட்டியலை எழுத்தெழுத்தாகப் படித்தாக வேண்டும். மசோதா தொடுகிற 75-ம் 164-ம் (மத்திய, மாநில அமைச்சர்கள் பற்றியவை) அந்தப் பட்டியலில் இல்லை. "கூட்டாட்சி தொடர்பானது என்றாலே மாநில ஒப்புதல் வேண்டும்" என்று மனப்பாடமாகச் சொல்லும் அணி அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

கணக்கு போட்டால்தான் இதன் விலை தெரியும். பக்கத்துக்கு இரண்டு பேர், ஆளுக்கு 10 நிமிடம், அமர்வின் கேள்விகளுக்கு 10 நிமிடம் என்றால் ஒரு சுற்றுக்கு 50 நிமிடம். 60 பேரும் வாதாட வேண்டுமானால் 15 சுற்று, அதாவது செமஸ்டரில் கால்வாசி. யாராலும் முடியாது. மூன்று சுற்றோடு நிறுத்துங்கள். 12 பேர் வாதாடுவார்கள். சுற்றுக்கு மூன்று பேராக 9 பேர் நீதிபதிகள். அவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் தீர்ப்பு எழுதித் தர வேண்டும். மீதி 39 பேரும் வாதுரை எழுதுவோர் அணிகளில். இல்லையென்றால் பேசத் தெரிந்த ஆறேழு பேரே ஆண்டு முழுக்கப் பேசுவார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

பக்கத்தைச் சீட்டுப் போட்டுத்தான் தர வேண்டும். தனக்குப் பிடித்த கட்சியின் நிலைப்பாட்டுக்கு எதிராக வாதாட நேர்வது பயிற்சியின் பாதி. சுற்று தொடங்கும் முன் கைப்பேசிகளை மேசையில் வாங்கி வைத்துவிடுங்கள். வாதத்துக்காகப் பேசியது பதிவாகி வெளியே போனால் அது மாணவரின் சொந்தக் கருத்தாகவே திரியும். நிலுவை வழக்கு என்றால் நீதிபதிகள் இப்படித்தான் தீர்ப்பளிப்பார்கள் என்ற ஊகத்தை மதிப்பெண் பெறும் வாதமாக ஏற்காதீர்கள்.

## ஒரே பார்வையில்

| | வழி 1: உதாரணம் | வழி 2: வாராந்தரச் செய்தி | வழி 3: ஒரே கோப்பு | வழி 4: மூட் கோர்ட் |
|---|---|---|---|---|
| பாடம் முடிவது | உறுதி | கட்டம் போட்டால் முடியும் | இரண்டு கோப்பு இருந்தால் முடியும் | 3 சுற்றுக்கு மேல் போனால் ஆபத்து |
| மூலம் படிப்பது | குறைவு | மிகக் குறைவு | மிக அதிகம் | அதிகம், பங்கேற்பவருக்கு |
| தாங்கும் காலம் | நீண்டது | ஒரு வாரம் | தீர்ப்பு மாறும்வரை | தீர்ப்பு வரும்வரை |
| தயாரிப்பு | வகுப்புக்கு அரை மணி | குறைவு, ஆனால் வாராவாரம் | முதல் ஆண்டில் 2–3 வாரம் | நடுத்தரம் |
| அரசியல் சூடு | குறைவு | அதிகம் | நடுத்தரம் | அதிகம், சீட்டுப் போட்டால் அடங்கும் |

## எதை எடுப்பது

மூன்றாண்டு எல்.எல்.பி. வகுப்பில் முழு நேர ஆசிரியராக, குறைந்தது இரண்டு ஆண்டு இதே பாடம் கையில் இருக்கும் என்றால் வழி 3. முதல் ஆண்டு உழைப்பின் பலன் இரண்டாம் ஆண்டில்தான் தெரியும். அடுத்த செமஸ்டர் வேறு பாடம் கைமாறும் நிலையில் இருக்கும் கௌரவ விரிவுரையாளர் இதில் இறங்க வேண்டாம். வழி 1 போதும்.

ஐந்தாண்டுப் படிப்பின் தொடக்க ஆண்டுகளில், பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வந்தவர்களுக்கு 400 பக்கத் தீர்ப்பு மலைப்பைத்தான் தரும். அங்கே வழி 2, நான்கு வரிக் குறிப்போடு. வழி 4-ஐத் தனியாக நம்பக் கூடாது. 1 அல்லது 3-இன் கடைசி இரண்டு வாரத்தில் வைத்தால் நன்றாக அமையும்.

வழி 4-ஐத் தவிர எந்த வழியானாலும் செய்தியைத் தேர்ந்தெடுக்கும்போது ஆறிய செய்தியை முதலில் எடுப்பதே என் தேர்வு: தீர்ப்பு வந்து சில மாதமாவது ஆகி, முழு வாசகமும் கையில் கிடைப்பது. நேற்றைய விசாரணையை வைத்து இன்று நடத்தினால் மாணவர் உற்சாகமாகக் கேட்பார்கள். ஆனால் படிக்கக் கொடுக்க நம்மிடம் நீதிபதியின் வாய்மொழியைத் தவிர வேறொன்றும் இருக்காது.

கடைசியாக, கையேடு கொடுக்கிறவர்கள் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் "இந்தத் தேதி வரையிலான நிலை" என்று தேதியோடு அச்சிடுங்கள். முதல் பக்கத்தில் மட்டும் போட்டால் போதாது. ஜெராக்ஸ் கடையில் முதலில் உதிர்வது அந்தப் பக்கம்தான்.